வேற்றுருவில் வரும் என்பு மச்சை நோய்

1844ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரத்து மளிகை வாணிகர் ஒருவர், தாவி எழுந்தபோது நெஞ்சில் ஏதோ முறிந்தாற் போன்ற கடுநோவுற்றார். வைத்தியர்கள் அட்டை விட்டனர். பின்னர் இரும்பு மருந்தும் கொயினாவும் கொடுத்தனர். நோவு தணிந்து தணிந்து மீண்டது. மறு ஆண்டு அவர்தம் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வைத்தியரிடம் ஆய்வுக்குச் சென்றது. அதிலிருந்த புரதம் விந்தையானது: கொதிக்கவைத்தாற் கரைந்தது, ஆறியபின் திரண்டது. முட்டையின் வெண்கரு கொதித்தால் மீளக் கரையாதன்றோ! 1846 சனவரி முதலாந் திகதி வாணிகர் காலமானார். சிறுநீரிற் புரதங் கழிதலாலாய மெலிவென்றே இறப்புப் பத்திரம் கூறிற்று. உடலைத் திறந்து பார்த்தவர்களோ, தொட்டால் நொறுங்கும் விலாவென்புகளைக் கண்டனர்.

என்பு மச்சையிலுள்ள பிளாஸ்மாக் கலங்கள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை ஆக்குவன. அவற்றுள் ஒரு குலம் கட்டின்றிப் பெருகின் என்பு அரிபடும். பயனற்ற புரதம் குருதியில் நிறையும். வாணிகரின் சிறுநீரில் இருந்தது பிறபொருளெதிரியின் சிறிய சங்கிலியே என்பது 1962இலேதான் தெளிவாயிற்று.

இக்கலங்கள் மச்சையை விட்டுக் குருதியிற் பாயுமாயின் நோய் மிகக் கடுமையுறும். வெண்குருதிக் கலங்களுள் நூற்றுக்கு 20 இவையாதல் வேண்டுமென முன்னர் வகுத்திருந்தனர். 2021இல் அவ்வெல்லை 5 ஆகக் குறைக்கப்பட்டது. இந்நிலையில் நோய் தன்னுருவிற் தோன்றாதிருத்தலும் உண்டு. குருதி தடித்துக் கண் மங்கும், மூக்கிற் குருதி வடியும். முள்ளந்தண்டு நெரிந்து கால்கள் சோரும். மோவாய் மரத்துப்போதலும் உண்டு. என்பிலிருந்து கரைந்த கல்சியம் மிகுதலாற் சித்தங் கலங்குதலும் நேரும். அருமையாக, ஈரல் பழுதின்றியிருக்கவே குருதியில் அமோனியா ஏறி அறிவு மயங்குதலுமுண்டு. முதுமையின் தடுமாற்றமென உறவினர் எண்ணியிருப்பர்.

தமிழாசிரியர் வைத்தியம் எழுதுதல் மிகையெனின், எம் சிறிய தந்தையாரை நினைந்தே எழுதுகின்றோம். முதுகுநோவென்று கடையில் வாங்கிய குளிசைகளை ஓராண்டு விழுங்கினார். டைக்குளோபினாக் முதலிய நோக்கொல்லிகள், அப்புரதத்தால் முன்னரே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுப்பன. அவர்க்கும் சிறுநீரகம் ஓய்ந்த பின்னரே மூலம் தெரியவந்தது.

சிறுநீரில் தாள் தோய்த்துப் பார்க்கும் சோதனையும் அவர்க்குச் செய்யப்பட்டதே. அத்தாள் அல்புமினையே நன்கு காட்டும். இச்சங்கிலிப் புரதம் அதற்குப் பெரும்பாலும் அகப்படாது. குருதியிலே அதனை நேராக அளக்கும் சோதனை இன்று உண்டு. அறுபதைக் கடந்த நம் பழைய மாணவர்கள், ஆறாத முதுகுநோவும் களைப்பும் குருதிச்சோகையும் ஒருங்கு கண்டால், அதனைத் தம் வைத்தியரிடம் பெயர் சொல்லியே கேட்பாராக.