நண்டுச் சிலந்தியின் வெண்ணிறம்: மறைவா, ஈர்ப்பா?

நண்டுச் சிலந்திகள் வலை பின்னி இரை பிடிப்பதில்லை. நீண்ட முன்னங்கால்களை விரித்து வைத்திருப்பதாலும் பக்கவாட்டில் நகர்வதாலும் இப்பெயர் பெற்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் ‘தோமிசஸ் ஸ்பெக்டாபிலிஸ்’ என்னும் இனம் வெள்ளை, மஞ்சள் மலர்களில் அமர்ந்து, தேன் நாடி வரும் பூச்சிகளைப் பற்றி உண்கிறது. இதன் பெண் சிலந்தி அவ்விரு நிறங்களுக்கும் இடையே சில நாள்களில் மாற வல்லது. வெண்மலரில் வெண்சிலந்தியைக் காண்போர் அதனை உருமறைப்பு எனக் கொள்வது இயல்பு. எனினும் அது மனிதக் கண் தரும் முடிவேயாகும்.

தேனீயின் கண் நீலம், பச்சை ஆகியவற்றோடு புற ஊதாக் கதிரையும் உணரும். வெண்டெய்சி மலரின் இதழ்கள் புற ஊதாக் கதிரைப் பெரிதும் உட்கவர்கின்றன. அவற்றின்மேல் அமரும் இச்சிலந்தியின் உடலோ அக்கதிரை மிகுதியாக எதிரொளிக்கிறது. மனிதர்க்கு ஒரே வெண்மையாகத் தோன்றும் இரண்டும் தேனீக்கு வேறுபட்ட நிறங்கள். ஹெய்லிங், ஹெர்பர்ஸ்டைன், சிட்கா ஆகியோர் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டின் விளைவைக் காட்டியது. சிலந்தி அமர்ந்த மலரையும் வெறும் மலரையும் ஒருங்கே வைத்தபோது, தேனீக்கள் சிலந்தி அமர்ந்த மலரையே மிகுதியாக நாடின. ஆகவே, இங்கு நிறம் மறைக்கும் திரையன்று. இரையை அழைக்கும் தூண்டில் எனலே பொருந்தும்.

இம்முடிவை அவ்வாழிடம் முழுமைக்கும் உரியதாகக் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது. சோதனைக்குரிய தேனீ ஐரோப்பிய இனம். 1822-இல்தான் ஆஸ்திரேலியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. டெய்சியும் அந்நிலத்துக்குரியதன்று. மூன்றனுள் மண்ணின் உயிர் சிலந்தி ஒன்றே. இவ்வையத்திற்கு ஹெய்லிங், ஹெர்பர்ஸ்டைன் ஆகியோரின் 2004-ஆம் ஆண்டு ஆய்வு விடை தருகிறது. அந்நாட்டுக்குரிய ‘ஆஸ்ட்ரோபிளிபியா ஆஸ்திராலிஸ்’ என்னும் கொடுக்கற்ற தேனீயும் சிலந்தியுள்ள மலரை நோக்கி ஈர்க்கப்பட்டது; ஆயின் அருகே வந்தபின் அதில் இறங்குவதைப் பெரும்பாலும் தவிர்த்தது. சிலந்தியோடு நெடுங்காலம் உடன்வாழ்ந்த இனம் அதன் சூழ்ச்சிக்கு எதிர்த் தகவமைப்பைப் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். வந்தேறிய தேனீக்கு அக்காலம் வாய்க்கவில்லை.

இதனைக் குடும்பம் முழுமைக்கும் பொதுவிதியாக்குதல் பொருந்தாது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியுள்ள ‘மிசுமெனா வாட்டியா’ இனமும் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையே நிறம் மாறுவதே. எனினும், அதன் வெண்ணிற உடல் புற ஊதாக் கதிரைப் பெரிதும் எதிரொளிப்பதில்லை.