மறவாத குருதி

"சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்கிறார்களே, அது ஏன், சேர்?"

பல்லாண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வாறு கேட்டான். புள்ளிப் பட்டியலின் நடுவிலே எப்போதும் இருப்பவன் அவன். "நிர்ப்பீடனம்" என்று ஒரே சொல்லில் விடை கூறினேன். அவன் பேசாது அமர்ந்துகொண்டான். நான் கூறியது பெயரேயன்றி விடையன்று என்பதை உணர எனக்கு நெடுங்காலம் சென்றது.

அவ்வினாவுக்குரிய மிகச் சிறந்த சான்று வட அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பரோத் தீவுகளில் உண்டு. 1846ஆம் ஆண்டில் அங்கே சின்னமுத்து புகுந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் சில மாதங்களுள் நோயுற்றனர். ஆராய்ந்து வருமாறு டென்மார்க்கு அரசு அனுப்பிய பீற்றர் பானும் என்ற இளம் வைத்தியர் ஓர் உண்மையைக் கண்டார். முன்னர் அந்நோய் அங்கு வந்தது 1781இல். அன்று நோயுற்றுப் பிழைத்து, முதுமையெய்தி வாழ்ந்தோருள் ஒருவரேனும் மீண்டும் நோயுறவில்லை. அன்று நோய்க்குத் தப்பியிருந்த முதியோரோ, நோயாளரை அணுகியபோது நோய்க்கு ஆளாயினர். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்நோய் அத்தீவுகளை எட்டிப் பார்த்ததேயில்லை. எனினும், அவர்தம் உடல் அதனை மறக்கவில்லை.

அந்த நினைவு உறைந்த இடங்களுள் ஒன்று வெண்குழியங்களுள் ஒருவகையான பி கலங்கள் என இன்று அறிவோம். ஒவ்வொரு பி கலமும் தனக்கேயுரிய ஒரே வடிவான வாங்கிகளைத் தாங்கி நிற்கிறது. எப்பகைவன் வருவான் என்றறியாமலே எண்ணிறந்த வடிவங்களை உடல் முன்னரே ஆக்கிவைத்திருக்கிறது. கிருமி புகுந்ததும், அதனைப் பற்றவல்ல சில கலங்கள் ரி கலங்களின் துணையோடு விழித்துப் பெருகுகின்றன. நிணநீர்க்கணுக்களிலும் மண்ணீரலிலும் முளைமையங்கள் என்னும் கூட்டங்களை அமைக்கின்றன.

முளைமையம் ஒரு பரீட்சை மண்டபம் போன்றது. அங்கே பெருகும் கலங்களில், வாங்கியை ஆக்கும் பரம்பரையலகுகளிலே உடலின் நொதியமொன்று எழுத்துப் பிழைகளை விளைக்கிறது. பல பிழைகள் பயனற்றவை. சிலவோ கிருமியை முன்னிலும் இறுகப் பற்ற உதவுகின்றன. பற்றத் தவறிய கலங்கள் மடிகின்றன. தேறியவற்றுட் சில என்புமச்சையில் குடியேறி, ஆண்டுக்கணக்காகப் பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. வேறு சில எதனையும் சுரவாது அமைதியாகக் காத்திருக்கின்றன. அவையே ஞாபகக் கலங்கள். அதே கிருமி மீண்டும் வருமாயின், அவை முதன்முறையினும் விரைவாக எழுந்து எதிர்க்கின்றன. நோயின் துன்பமின்றியே இந்நினைவை ஊட்டுவது தடுப்பூசி.

1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் வாழ்ந்திருந்த 32 முதியோரைப் பற்றிய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. அவர்களுட் சிலரின் குருதியில், அவ்வைரசை அடையாளங் காணும் பி கலங்கள் 90 ஆண்டுகளின் பின்னும் உலாவக் காணப்பட்டன.

ஆயினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. மிக இறுகப் பற்றும் கலங்கள் பெரும்பாலும் சுரக்கும் கலங்களாக மாறுகின்றன. ஞாபகக் கலங்களாகப் பேணப்படுபவற்றுட் பல இடைத்தரமானவை. இதனை எலிகளில் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இதற்கு ஆராய்ச்சியாளர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஒரு பகைவனுக்கென்றே திருத்தமாக அமைந்த கலம், அவன் உருமாறி வரும்போது கைசோர்ந்து நிற்கக்கூடும். இடைத்தரமானவற்றுள் வகைகள் பல. அவற்றுள் ஏதேனும் ஒன்று புதிய உருவையும் பற்றிக்கொள்ளலாம். ஆகவே உடலின் நினைவு சென்றதன் பதிவு மட்டுமன்று, வரப்போவதற்கான ஆயத்தமுமாகும்.

இதனைப் படித்த அன்று அம்மாணவனின் முகம் என் கண்முன் வந்தது. புள்ளிகள் போதா, உனக்கு விஞ்ஞானம் ஒத்துவராது என்று கூறி அவனை வேறு வகுப்புக்கு மாற்றியவன் நானே. என் முதல்தர மாணவர் எவரும் கேளாத வினாவைக் கேட்டவன் அவன்.

அவன் இப்போது எங்குள்ளான் என்பதை அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், காலந்தாழ்த்து வரும் இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.