முறியும் ஓலை வளைவது எப்படி?

தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழைக்கு உள்பக்கம் போனால் தேரி மணலும் பனைகளும்தான். பக்கத்து மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடைவது பேர்போன கைத்தொழில். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கைக் கிழித்தெடுத்து வைத்திருப்பார்கள். முடைய உட்காரும் முன் ஓலையை நனைத்துப் பதப்படுத்துவார்கள். காய்ந்த ஓலையை மடக்கினால் மடிப்பிலேயே நறுக்கென்று முறியும். பதமான ஓலையோ விரல் சொன்னபடி மடங்கும், திருப்பி மடித்தாலும் தாங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் ஓலையில் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழிகளில் நிற்பது ஒன்று. செல் சுவரின் இழைகளோடு ஒட்டியிருப்பது மற்றொன்று. வெயிலில் முதலில் போவது குழியில் நிற்கும் நீர். அது போவதால் பெரிய நஷ்டமில்லை. சுவரில் ஒட்டிய நீர் வெளியேறும்போதுதான் ஓலை சுருங்கி மொறுமொறுப்பாகிறது.

சுவரில் செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி அரைச்செல்லுலோஸ் என்ற பசைப்பொருள் இருக்கிறது. காய்ந்த நிலையில் அது இளக வேண்டுமானால் 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் சாதாரண அறை வெப்பமே போதும்! நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகின்றன. இப்படி இளக வைக்கும் பொருளுக்கு ‘நெகிழ்விப்பான்’ என்று பெயர். அதில் மிக மலிவானது தண்ணீர்.

ஆனால் அளவுக்கு மீறிக் காய்ந்த ஓலை பழைய ஈரத்தை முழுதாக ஏற்காது. நீர் போன இடத்தில் சங்கிலிகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்கின்றன. அதனால் அதே காற்றில் வைத்தாலும், காயும் வழியில் இருந்த ஓலையைவிட, காய்ந்து மீள்கிற ஓலையில் ஈரம் குறைவாகவே இருக்கும். இதைத் ‘தயக்க விளைவு’ என்கிறார்கள்.

சரி, எவ்வளவு நீர் வேண்டும்? 5 சதவீத ஈரமுள்ள 100 கிராம் ஓலையை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஆனால் இதைக் காற்றிலிருந்தே எடுப்பதென்றால், 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று சுமார் 360 லிட்டராவது வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் பதினெட்டு கொள்ளும் காற்று! வெறும் டப்பாவில் போட்டு மூடிவைத்தால் ஓலை ஏன் மீள்வதில்லை என்பது இப்போது புரியும்.

இதற்கு விடை தூத்துக்குடி உப்பளத்திலேயே கிடக்கிறது. அடியில் உப்பு கரையாமல் தங்கும் அளவுக்கு உப்பு சேர்ந்த நீருக்குப் பூரிதக் கரைசல் என்று பெயர். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடிய பெட்டிக்குள் வைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். குறைந்தால் கரைசல் ஆவியைக் கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும். மார்கழிக் குளிரானாலும் கத்திரி வெயிலானாலும் அந்த எண் அசைவதில்லை. மழைக்காலத்தில் கல்லுப்பு கசிவதும் இந்த எல்லையைக் காற்று தாண்டுவதால்தான்.

ஆனால் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நீண்ட காலச் சேமிப்புக்கு வேறு உப்பு வேண்டும். மெக்னீசியம் நைட்ரேட் கரைசல் 25 டிகிரியில் 53 சதவீதத்தில் நிறுத்துகிறது. எந்த உப்பு என்பதை வைத்தே ஈரத்தை நிர்ணயித்துவிடலாம். மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

பழைய தமிழ்ச் சுவடிகளும் பெரும்பாலும் இதே பனையோலைதான். பரணில் கிடந்து காய்ந்த ஏட்டைப் பிரித்தால் பொடிந்துபோகும். அதில் தண்ணீர் தெளித்தால் எழுத்துக் கீறலில் தேய்த்த கரிமை கலைந்துபோகலாம். ஈரக்காற்றில் மெல்ல மெல்ல இளக்குவதே முறை. உங்கள் வீட்டில் சுவடி இருந்தால் பிரிக்காமல், எண்ணெய் தடவாமல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்தில் காட்டுங்கள்.