தடித்த எழுத்து எங்கே எடுபடும்?

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது எளாவூர். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் லாரிகள் வேகமெடுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். சாலையோர மெஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க ஓட்டுநருக்கு இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். பழைய பாணித் தடித்த செரிஃப் எழுத்து பிறந்ததும் போகிறபோக்கில் பார்ப்பவரை நிறுத்துவதற்காகத்தான்.

கோடு முடியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பாதமே செரிஃப். புத்தக எழுத்தில் அது மெல்லியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சுவரொட்டி விளம்பரம் பெருகியபோது கோடும் தடித்தது, பாதமும் தடித்தது. 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட கிளாரண்டன் எழுத்தில், பாதம் கோட்டோடு வளைந்து சேரும்; அதனால் கனம் இருந்தும் முரட்டுத்தனம் தெரியாது. 1922இல் அமெரிக்காவின் ஆஸ்வால்ட் கூப்பர் மூலைகளையெல்லாம் உருட்டி கூப்பர் பிளாக்கை வரைந்தார். ஊறுகாய் பாட்டில், காபித்தூள் பாக்கெட், இனிப்புக் கடைப் பலகை ஆகியவற்றுக்கு இந்த உருண்டை எழுத்து அருமையாகப் பொருந்தும். நான்கு சொல்லுக்கு மேல் போனால் கண் சோர்ந்துவிடும். கோடு தடிக்கத் தடிக்க உள்ளிருக்கும் வெள்ளை இடம் சுருங்குவதால், சிறிய அளவில் அச்சிட்டால் மை அடைத்துக்கொள்ளும்.

தமிழில் இந்த அடைப்பு இன்னும் கடுமை. 'எளாவூர்' என்ற பெயரையே தடிப்பாக எழுதிப் பாருங்கள். 'எ'யின் சுழி மூடிக்கொள்ளும். 'வூ'வின் கீழ்வளைவு அடைபட்டால் தூரத்தில் 'வு' என்றே படும். 'ர்' மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டும். வேறு பெயர்களில் மூன்று சுழி 'ண' இரண்டு சுழி 'ன'வாகிவிடும். நல்ல வடிவமைப்பாளர் எழுத்தை அகலமாக்கி, சுழிக்குள் கோட்டை மெலியவிட்டு இதைச் சரிசெய்வார். ஃப்ளெக்ஸ் கடைகளில் சாதாரண எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்கும் வழக்கம் உண்டு. அது சுழிகளைக் கொல்லும் வேலை.

ஆங்கிலப் பெயரைக் கம்பீரமான எழுத்தில் போட்டுவிட்டு, தமிழை அதன் கீழே ஒல்லியாக ஒடுக்கிவைப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. தமிழுக்கும் அதே கனம் வேண்டும். அதற்காக ஆங்கிலப் பாதங்களைத் தமிழுக்கு ஒட்டத் தேவையில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் 'ணா', 'றா', 'னா' ஒரே எழுத்தாகப் பிணைந்திருந்தன. 'ணை', 'லை', 'ளை', 'னை' துதிக்கை வைத்திருந்தன. பழமையின் சாயல் வேண்டுமானால் அந்த வடிவங்களில் எடுக்கலாம். கடைப் பெயருக்கு அது அழகு. எளாவூருக்குப் பக்கத்திலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் எச்சரிக்கைப் பலகைக்கு மட்டும் கூடாது. பழைய வடிவங்களைப் படித்துப் பழகாதவர்களும் அங்கே வேலை செய்யலாம். அங்கே அலங்காரமற்ற, சீரான கோட்டு எழுத்தே சரி.

இலவசமாகக் கிடைப்பவற்றில், தடிமன் மாறும் கோட்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழின் போல்டு வடிவத்தையும், கூப்பர் பிளாக்கின் உருட்சிக்கு நெருக்கமாக பலூ தம்பியையும் எடுத்துக்கொள்ளலாம். பலகைக்குக் கொடுப்பதற்கு முன் பெயரை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, இருபது முப்பது அடி தள்ளி நின்று சுழிகளை எண்ணிப் பாருங்கள்.