மாட்டின் முழங்கால் மூட்டுக் குருத்தெலும்பில் கொலாஜன்: வகையும் மாதிரித் தெரிவும்

முன்னுரை

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழில் கொலாஜன் என்னும் புரதத்தைச் சார்ந்தது. ஆவாரம் பட்டையின் டானின், தோலிலுள்ள கொலாஜன் இழைகளோடு பிணைந்து தோலை அழுகாமல் காக்கும் முறை தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கியது. அதே மாட்டின் முழங்கால் குருத்தெலும்பிலும் கொலாஜன் உண்டு. எனினும் அது வேறு வகையைச் சார்ந்தது. அவ்வேறுபாட்டையும், மாதிரி எடுப்பதில் நேரும் பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொலாஜனின் வகைகள்

கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய முப்புரி அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்மொழிந்தனர். தோலில் மிகுந்துள்ள முதல் வகையில் இரு சங்கிலிகள் ஒத்தவை; மூன்றாவது வேறானது. குருத்தெலும்பின் இரண்டாம் வகையில் மூன்றும் ஒத்தவை.

மூட்டுக் குருத்தெலும்பின் ஈர எடையில் பெரும்பகுதி நீராகும். உலர் எடையில் பாதிக்கு மேற்பட்டது கொலாஜன். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடோ அதற்கு மேலோ இரண்டாம் வகையே. ஒன்பதாம், பதினொன்றாம் வகைகள் சிறிதளவே இருப்பினும் இழைகளின் பருமனையும் பிணைப்பையும் நெறிப்படுத்துகின்றன. இழைகள் மேற்பரப்பில் அதற்கு இணையாகவும், ஆழத்தில் எலும்பை நோக்கிச் செங்குத்தாகவும் அமைகின்றன. நீரை ஈர்த்து உப்பும் புரோட்டியோகிளைக்கானை இவ்வலைப்பின்னல் கட்டுப்படுத்துவதாலேயே மூட்டு உடற்பாரத்தைத் தாங்குகிறது.

மாதிரித் தெரிவு

முதற்பிழை மூட்டின் பெயரில் நேர்வது. மாட்டின் முன்னங்கால் நடுவில் மடங்கும் இடத்தையும் வழக்கில் முழங்கால் என்பர்; உடற்கூற்றியலில் அது மனிதரின் மணிக்கட்டுக்கு இணையானது. தொடையெலும்பு சேரும் பின்னங்கால் மூட்டே உண்மையான முழங்கால்.

இரண்டாவது, திசுவில் நேர்வது. அம்மூட்டின் எலும்புகளுக்கிடையே உள்ள பிறை வடிவ நார்க்குருத்தெலும்பில் முதல் வகைக் கொலாஜன் மிகுதி. அதன் துணுக்கு கலந்தால் முடிவு திரியும்.

மூன்றாவது, அளவீட்டில் நேர்வது. ஹைட்ராக்சிபுரோலின் அளவு மொத்தக் கொலாஜனை மட்டுமே காட்டும், வகையைக் காட்டாது. புரோட்டியோகிளைக்கானை நீக்கி, பெப்சினால் கரைத்து, உப்புச் செறிவைப் படிப்படியாக உயர்த்தி வீழ்படிவாக்கிய பின் எலக்ட்ரோபோரெசிஸ் செய்தல் வேண்டும். முதல் வகைக்குரிய வேறுபட்ட சங்கிலி தனிப்பட்டையாகத் தோன்றினால் கலப்பை ஐயுறலாம்.

முடிவுரை

சிதைந்த குருத்தெலும்பு ஆறும்போது உருவாகும் நார்த்திசுவிலும் முதல் வகை தோன்றும். ஆகவே, மாதிரிக் கலப்பை உணராத ஆய்வாளர் நலமான மூட்டை நோயுற்றதெனக் கூற நேரிடும். மாட்டின் வயது, மூட்டு, திசுப்பகுதி ஆகிய மூன்றையும் பதிவுசெய்த பின்னரே கொலாஜன் அளவைக் குறிப்பிடுதல் முறையாகும்.