தூரத்துலதானே வருது!

கீரனூர் பக்கம், திருச்சி - புதுக்கோட்டை மெயின் ரோடு. சாயங்காலம் ஆறரை மணி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. இந்தப் பக்கம் நானும் அப்பாவும். அப்பாவுக்கு வயது எழுபது. அந்தக் கடை டீயைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வெறும் வெந்நீர்!

"வாடா, பஸ் தூரத்துலதானே வருது" என்று இறங்கிவிட்டார்.

நானும் பார்த்தேன். தூரத்தில்தான் வந்தது. ரொம்ப சாதுவாக, கட்டை வண்டி மாதிரி. நாலு எட்டு வைத்திருப்போம்... அதே பஸ் காதைப் பிளக்கும் ஹாரனோடு பனை உயரத்துக்கு எதிரே நின்றது. எங்கே நின்றது? பறந்தது! அப்பாவின் காலரைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் சட்டையின் மேல் பட்டன் தெறித்தது. தோளில் கிடந்த துண்டு காற்றில் போய் வேலிக் கருவையில் மாட்டிக்கொண்டது.

ரெண்டு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு அப்பா கேட்டார்: "தூரத்துலதானேடா இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, பேப்பரில் பொடி எழுத்துவரை படிக்கிறார். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நாலு கண்ணும் ஒரே நேரத்தில் ஏமாந்தது எப்படி? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படித்தது பி.காம்.தான் என்றாலும், விடாமல் துருவியதில் கிடைத்த சங்கதிகள் இவை.

மீட்டர் வட்டி

குறுக்கே ஓடுகிற பொருளின் வேகம் நமக்கு நன்றாகவே தெரியும். ஆடு ஓடினால் அது மரத்தைத் தாண்டியது, மைல்கல்லைத் தாண்டியது என்று கண் கணக்கெடுத்துவிடும். ஆனால், நேரே நம்மை நோக்கி வருகிற பொருள் எதையும் தாண்டுவதில்லை. அதே இடத்தில் இருந்துகொண்டு பெரிசாகிறது, அவ்வளவுதான். அது எவ்வளவு சீக்கிரம் பெரிசாகிறது என்பதை வைத்துத்தான் 'இன்னும் எத்தனை விநாடியில் வந்து சேரும்' என்று மூளை கணிக்க முடியும். இதை 1976-ல் டேவிட் லீ என்பவர் கணக்காகவே போட்டுக் காட்டினார்.

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இரண்டரை மீட்டர் அகல பஸ், சுமார் 75 மீட்டர் தூரத்தில் வரும்போது சரியாக அந்த விரல் அகலம் தெரியும். 150 மீட்டரில் அரை விரல். 300 மீட்டரில் கால் விரல். (கால் விரல் என்றதும் அப்பா குனிந்து செருப்பைப் பார்த்தார். கட்டை விரலில் கால் பங்கு அப்பா!)

பஸ் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் விரல் அரை விரலாக ஏறக்குறைய ஏழு விநாடி ஆகும். அரை விரல் முழு விரலாக மூன்றரை விநாடிதான். அடுத்த மடங்குக்கு ஒன்றே முக்கால். அதற்கடுத்ததற்கு ஒரு விநாடிகூட இல்லை! கூட்டு வட்டியாவது ஒவ்வொரு மடங்குக்கும் ஒரே கால அவகாசம் கொடுக்கும். இது மீட்டர் வட்டி! ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. தெரியும்போது வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க சாதாரண நடையில் ஆறு விநாடி. அப்பாவின் நடைக்கு எட்டு. பஸ் அரை விரல் இருந்தபோதுதான் நாங்கள் இறங்கியிருக்கிறோம். பட்டனோடு போயிற்றே என்று கும்பிட வேண்டியதுதான்.

பெரிசு மெதுவாகத் தெரியும்

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. பிரமாண்டமான பொருள்கள் இருக்கும் வேகத்தைவிட மெதுவாகப் போவதாகத் தோன்றும். விமான நிலையத்தில் பாருங்கள், பெரிய விமானம் அன்னநடை போட்டு இறங்குவது மாதிரிதான் இருக்கும். ரயில்வே கேட்டில் விபத்துகள் நடப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1985-ல் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். நம் நாட்டில் அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். ஆனால், 'கேட் திறக்கட்டும்' என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல் குனிந்து நுழைகிற நம்மை எப்படி ஒழிப்பது?

சின்ன வண்டி என்றால் வேறு விதமான மோசடி. பைக் 100 மீட்டர் கிட்டத்தில் வரும்போதுகூடக் கால் விரல் அளவுதான் தெரியும். 'இன்னும் ரொம்ப தூரம்' என்று நினைப்போம். ராத்திரியில் கார் என்றால் ரெண்டு விளக்குக்கும் நடுவே இடைவெளி விரிவதைப் பார்த்தாவது சுதாரிக்கலாம். பைக்குக்கு ஒற்றை விளக்கு. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

வாடிவாசல் பாடம்

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வாடிவாசல் போதும். வருஷப் பிறப்பு முடிந்த கையோடு கந்தர்வகோட்டை பக்கத்துத் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டுக் கணக்குத் தொடங்கிவிடும். மாடுபிடி வீரர்கள் வாசலுக்கு நேர் எதிரே மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பார்கள். திமிலைப் பிடிக்க வசதி என்பது ஒரு காரணம். இன்னொரு வசதி கண்ணுக்கு. பக்கத்திலிருந்து பார்த்தால் காளை குறுக்கே ஓடும். வேகம் பளிச்சென்று தெரியும். நேர் எதிரே நின்றால் வெறுமனே பெரிசாகும்!

எங்கள் ஊரில் பத்து வருஷம் களத்தில் இறங்கிய அண்ணன் ஒருவர் சொன்னார்: "மாடு இடமோ வலமோ நகர்ந்துச்சுன்னா கவலை இல்ல தம்பி. நகராம அங்கேயே இருக்கிற மாதிரி தெரிஞ்சா, அது உனக்குத்தான் வருது!"

அவர் அறியாமலே சொன்னது கடலோடிகளின் விதி. இன்னொரு கப்பல் தெரியும் திசை மாறவே இல்லையென்றால் மோதல் ஆபத்து உண்டு என்று கொள்ள வேண்டும் என 1972-ல் ஏற்பட்ட சர்வதேசக் கடல் விதிகளே சொல்கின்றன. நாற்சந்திக்கும் இதேதான். பக்கத்து ரோட்டில் வரும் லாரி உங்கள் கண்ணுக்கு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு பெரிசாகிறதா? பிரேக்கைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அது கண்ணில் உறைப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள விஷமம்.

பந்தைப் பார்க்காதே!

'பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே' என்று எல்லா கிரிக்கெட் கோச்சும் சொல்வார்கள். 2000-ல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் தலையில் காமிரா மாட்டிப் பார்த்தார்கள். பந்து கையை விட்டுக் கிளம்புவதைக் கண் பார்க்கிறது. உடனே பந்தை விட்டுவிட்டு, அது எங்கே குத்தப் போகிறதோ அங்கே முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது! நல்ல பேட்ஸ்மேனின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து வந்து சேர அரை விநாடிதான். அதற்குள் ஜோசியம் பார்த்தாக வேண்டும். பயிற்சியில் வருகிற ஜோசியம் இது.

இந்த ஜோசியக்காரர் மூளையில் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்பதற்கும் சாட்சி உண்டு. மூளையின் ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பால் ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு அசைவை மட்டும் பார்க்கும் திறன் போய்விட்டது. 1983-ல் மருத்துவ ஏட்டில் வந்த விவரம். நிறம் தெரியும், முகம் தெரியும், அசைவு தெரியாது. டீ ஊற்றினால் கெட்டிலிலிருந்து கோப்பைவரை உறைந்த பனிக்கட்டி மாதிரி தெரியும். கோப்பை நிரம்புவது தெரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் இருந்த கார், அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும். நடுவே வந்ததே தெரியாது.

படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. அன்றைக்கு அந்த ரோட்டில் நாங்கள் ரெண்டு பேரும் சில விநாடி அந்த அம்மாளாகத்தான் இருந்தோம்.

குழந்தைகள் பாடு இன்னும் மோசம். வேகமாக வரும் வண்டி பெரிசாவதைக் கண்டுபிடிக்கும் திறன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவு என்று 2011-ல் லண்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. ஆகவே, ரோட்டோரம் யூனிஃபார்ம் தெரிந்தால் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற வாலிபர்களே, அந்தப் பையன் உங்களைப் 'பார்த்துவிட்டான்' என்று நம்பாதீர்கள். உங்களைப் பார்த்திருப்பான். உங்கள் வேகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

அப்பாவின் பரிசோதனை

எல்லாவற்றையும் அப்பாவிடம் விளக்கினேன். "பஸ், லாரி கால் விரலுக்கு மேலே தெரிஞ்சா இறங்காதீங்க. பைக் வந்தா இந்தக் கணக்கே செல்லாது, போகட்டும்னு நில்லுங்க" என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அதே இடம். அப்பா ரோட்டோரம் நின்று, கையை நேராக நீட்டி, கட்டை விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார்.

கிறீச்... என்று ஒரு லாரி அவர் முன்னால் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "எங்க பெருசு போகணும்? ஏறுங்க!" என்றார்.

"எதிர்க் கடைக்குத்தான் தம்பி. டீ சாப்பிட" என்றார் அப்பா.

டிரைவர் சிரித்துவிட்டு இறங்கி வந்து, கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். ரெண்டு டீக்கும் காசு கொடுத்தது நான்தான்.

நின்ற வண்டிக்கு வேகம் பூஜ்யம். அதை மட்டும் யாராலும் தப்பாகக் கணிக்க முடியாது!