கள ஆய்வுக் குறிப்புகளும் கணிப்பொறியும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது நல்லேப்பிள்ளி ஊராட்சி. நெல்லும் தென்னையும் விளையும் இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து வழங்குகின்றன. சித்தூர்ப்புழையின் நீரை நம்பியே இங்கு வேளாண்மை நடைபெறுகிறது. 1970 மே 29ஆம் நாள் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப்புழைப் பாசனப் பகுதிக்கென மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வழங்கப்பட வேண்டும்.

இந்த எண்ணை ஏட்டிலிருந்து அறியலாம். ஆனால் நாற்று காய்வதற்கு முன் நீர் வந்ததா, தலைமடையில் எடுத்தது போகக் கடைமடைக்கு என்ன மிஞ்சிற்று, முறை தவறியபோது உழவர் யாரிடம் சென்று முறையிட்டார் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே அறிய முடியும். அத்தகைய வாய்மொழியைத் தொகுத்து, ஒழுங்குபடுத்தி, பொருள் காணும் முறையே பண்புசார் ஆய்வு எனப்படுகிறது. இவ்வாய்வுக்கென உருவான மென்பொருள்களைக் கற்பது எவ்வாறு, அவற்றிடம் எப்பணியை ஒப்படைக்கலாம், எப்பணியை ஒப்படைக்கலாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணும் சொல்லும்

நம் நாட்டில் கிராம ஆய்வு புதிதன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1918இல் நூலாக வெளிவந்தது. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்ட பின்னர், வீடு வீடாகப் புள்ளிவிவரம் திரட்டும் முறை வேரூன்றியது. இதன் பயன் அளவிடற்கரியது. எனினும், அட்டவணையின் கட்டங்களுக்குள் அடங்காத செய்திகள் குறிப்பேடுகளிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

அச்செய்திகளின் மதிப்பை அறிய, இதே சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையைப் பார்க்கலாம். அங்கு 2000ஆம் ஆண்டில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்தது, எஞ்சிய நீரும் குடிக்கவும் சமைக்கவும் உதவாமற் போயிற்று என்று சுற்றுப்புற மக்கள் கூறினர். 2002 ஏப்ரல் 22ஆம் நாள் அவர்களது போராட்டம் தொடங்கிற்று. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. பின்னர் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மதிப்பீடு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வாய்மொழிச் சான்று வந்துவிட்டது.

மென்பொருள் செய்வது என்ன?

முன்னாளில் ஆய்வாளர் நேர்காணல் படிகளைக் கத்தரித்து, பொருள்வாரியாக உறைகளில் இட்டு வைப்பார். ஒரே கூற்று இரு பொருள்களைத் தொட்டால் அதற்கு இரண்டு படிகள் வேண்டும். கத்தரித்த துண்டை யார் கூறினார், எந்தக் கேள்விக்கு மறுமொழியாகக் கூறினார் என்பது மறந்துபோகும்.

இத்தொல்லையைத் தீர்க்க 1980களில் கணிப்பொறி துணைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக் கழகத்தில் சமூகவியலாளர் லின் ரிச்சர்ட்ஸும் கணிப்பொறி அறிஞர் டாம் ரிச்சர்ட்ஸும் உருவாக்கிய நூடிஸ்ட், பிற்கால என்விவோ மென்பொருளுக்கு முன்னோடியாயிற்று. ஜெர்மனியிலிருந்து அட்லஸ் டிஐ, மேக்ஸ்க்யூடிஏ ஆகியவை வந்தன. விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு டாகெட், குவால்கோடர் போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் உள்ளன.

பெயர்கள் பலவாயினும் அடிப்படைப் பணி ஒன்றே. நேர்காணலின் எழுத்துப்படியைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு பகுதியைத் தெரிவு செய்து, அதற்கு ‘நீர் முறை’, ‘கூலி’, ‘கடன்’ போன்ற குறியீட்டை இடுகிறோம். அப்பகுதி மூலப்படியிலிருந்து பிரிவதில்லை. எனவே ஒரே பகுதிக்கு எத்தனை குறியீடுகள் வேண்டுமாயினும் இடலாம். பின்னர் ஒரு குறியீட்டை அழைத்தால், அதற்குரிய கூற்றுகள் அனைத்தும் ஒருசேரத் தோன்றும். பேசியவரது நிலத்தின் அளவு, தலைமடையா கடைமடையா, ஆணா பெண்ணா, தாய்மொழி யாது போன்ற விவரங்களையும் சில மென்பொருள்களில் பதிந்து வைக்கலாம். ‘கடைமடைப் பெண் தொழிலாளர் நீர் முறை பற்றிக் கூறியவை மட்டும்’ என்று கேட்டால் அவை நொடியில் கிடைக்கும்.

எல்லைப்புற மொழியின் சோதனை

குறியீட்டை இடுவது ஆய்வாளரின் பணி. இதன் காரணத்தை நல்லேப்பிள்ளி போன்ற ஊரில் எளிதில் உணரலாம். அங்கு ஓர் உழவர், ‘வெள்ளத்துக்கு நமக்கு அவகாசம் உண்டு’ என்று கூறுவதாகக் கொள்வோம். தமிழ் மட்டுமே அறிந்தவர் இதனைப் பெருக்கு வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று படிப்பார். மலையாள வழக்கிலோ வெள்ளம் என்பது தண்ணீர். அவகாசம் என்பது உரிமை. தண்ணீரில் தமக்கு உரிமை உண்டு என்பதே அவர் கூறியது. ஓர் உரிமைக் கோரிக்கை, பேரிடர்க் காலக் குறிப்பாக அறிக்கையில் ஏறிவிடுமானால் அந்த உழவருக்கு நேரும் இழப்பு பெரிது. உடல்நல ஆய்விலும் இதே இடர் உண்டு. தமிழில் பனி என்பது மார்கழிக் குளிர். மலையாளத்தில் அது காய்ச்சல்.

சொல் தேடும் வசதியை முழுமையாக நம்புவதும் தவறு. ‘தண்ணீர்’ என்று தேடினால் ‘தண்ணீரை’, ‘தண்ணீருக்கு’ என்பவை கிடைக்காமல் போகலாம். பேச்சு வழக்கின் ‘தண்ணி’யும் கிடைக்காது. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு 2008இல்தான் யுனிகோடில் தனி இடங்கள் தரப்பட்டன. அதனால் பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் ஒரே சொல் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணிப்பொறிக்கு வெவ்வேறாக இருக்கக்கூடும். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவின் துணையால் தாமே குறியீடு பரிந்துரைக்கும் மென்பொருள்களும் வந்துள்ளன. அப்பரிந்துரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இரு மொழியும் அறிந்த ஒருவர் இன்றியமையாதவர்.

கற்கும் வழி

தொடக்கத்திலேயே மென்பொருளைத் திறப்பது நன்றன்று. முதற்கண் மூன்று நேர்காணல்களைத் தாளில் அச்சிட்டு, பென்சிலால் ஓரத்தில் குறியிடுக. இரண்டாவதாக, அக்குறியீடுகளைத் தொகுத்துக் குறியேடு ஒன்று எழுதுக. ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதன் பொருள், எதற்கு இடவேண்டும், எதற்கு இடலாகாது, ஓர் எடுத்துக்காட்டு ஆகிய நான்கும் வேண்டும். எல்லைப்புறச் சொற்களுக்குத் தனியே ஒரு பட்டியலும் சேர்த்தல் நலம். மூன்றாவதாக, அதே மூன்று படிகளை மென்பொருளில் ஏற்றிப் பழகுக. பொத்தான்களையும் பட்டியல்களையும் அறிந்துகொள்ளச் சில நாட்களே போதும்.

நான்காவது படி முதன்மையானது. அதே நேர்காணலை மற்றொருவரும் தனியே குறியிட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகின்றனர் என்பதை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960இல் வகுத்த கப்பா என்னும் குறியெண் பயன்படுகிறது. தற்செயலாக நேரும் ஒப்புதலைக் கழித்துவிட்டு அது கணக்கிடுகிறது. அவ்வெண்ணைக் காட்டிலும், இருவரும் வேறுபட்ட இடங்களைப் பற்றிய உரையாடலே மிகுந்த பயன் தரும். வெள்ளமும் அவகாசமும் அங்குதான் வெளிப்படும். இறுதியாக, குறியீட்டை மாற்றும்போதெல்லாம் அதற்கான காரணத்தை நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

சமூகவியலறிஞர் எம்.என். சீனிவாஸ், மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் 1948இல் ஆய்வு செய்தார். பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்திய அவருடைய குறிப்புகளின் மூன்று படிகளும், 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்திற்குத் தீ வைக்கப்பட்டபோது எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவைக் கொண்டே எழுதி, 1976இல் அவர் தம் நூலை வெளியிட்டார். மூன்று படிகள் இருந்தும் அவை ஒரே கட்டடத்தில் இருந்தமையே கேடாயிற்று. கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இப்பாடம் பொருந்தும். ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

பேசியவர்களின் நலனும் காக்கப்பட வேண்டியதே. சிற்றூரில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ‘கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண்’ என்றால் ஊரார் உடனே கண்டுகொள்வர். வெளி நிறுவனக் கணிப்பொறிகளில் கோப்புகளை ஏற்றுமுன், பேசியவர் அதற்கு இசைந்தாரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடன்.

கிராம சபைக் குறிப்புகள், மனுக்கள், குறைதீர் நாள் பதிவுகள் என மக்களின் சொற்கள் அலுவலகங்களில் குவிந்துள்ளன. அவற்றை ஒழுங்காகப் படிக்க இன்று கருவி கிடைத்துள்ளது. இரண்டு மொழிகளையும் அறிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு இப்பயிற்சியை அளித்தால், வயலோரத்தில் சொன்னது திட்டக் கோப்பு வரை பொருள் மாறாமல் சென்று சேரும் என்பதில் ஐயமில்லை.